இளம்பருவப் பிள்ளைகளும் பெற்றோர் கடமையும்
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாணாக்கர்க்கு உபகாரச் சம்பளம் அளித்துவரும் நம் சங்கம், பெற்றோர்க்கும் சில சொல்லுமாறு எம்மைப் பணித்தது. எம் பிழையொன்றைக் கூறியே தொடங்குகின்றோம்.

சில ஆண்டுகட்கு முன் எம் வகுப்பில் பதினைந்து வயது மாணாக்கனொருவன் அடங்காது நடந்தான். யாம் அவன் தந்தையாரை அழைப்பித்து, வகுப்பார் அனைவர் முன்னும் குறை கூறினோம். அவர் அவ்விடத்தே மகனைக் கன்னத்தில் அறைந்தார். மறுநாள் தொட்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. அறிவின்றி நடந்தவர் அவரும் யாமுமே.

இளம்பருவத்தில் ஆசையும் சினமும் விரைந்தெழும். அவற்றைத் தடுத்து விளைவை எண்ணும் முன்மூளைப் பகுதியோ இருபத்தைந்து வயதளவிலேயே முதிர்கின்றதென்பர் மருத்துவ நூலார். இது பிள்ளையின் குற்றத்தை மறைப்பதற்கன்று. நம் பொறுமையை வளர்ப்பதற்காம்.

அமெரிக்க நாட்டு ஆரிகன் மாகாணத்தில் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்த ஜெரால்டு பாட்டர்சன் என்னும் உளநூல் அறிஞர், 1982-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஓருண்மையை விளக்கினார். பெற்றோர் ஒன்றைப் பணிப்பர், பிள்ளை சீறும், பெற்றோர் கடிவர், பிள்ளை இன்னும் உரக்கக் கத்தும், பெற்றோர் சலித்து விட்டுவிடுவர். கத்தினால் காரியம் கைகூடுமென்று பிள்ளை கற்கின்றது. பிறிதொரு நாள் பெற்றோர் அடித்து அடக்குவர். அடித்தால் அடங்குமென்று அவர் கற்கின்றனர். இங்ஙனம் இரு திறத்தாரும் ஒருவர்க்கொருவர் வன்மையைப் பயிற்றுகின்றனர். ஆதலின் பயிற்சி பெற்றோரிடமிருந்தே தொடங்கற்பாலது.

செய்யத்தக்கன யாவை? வீட்டு விதிகள் சிலவாகவும் தெளிவாகவும் இருத்தல் வேண்டும். இரவு பத்து மணிக்குக் கைபேசி கூடத்தில் இருக்கவேண்டுமெனின், தந்தையார் கைபேசியும் அங்கேயே இருக்கட்டும். விதி மீறின், முன்னரே அறிவித்த சிறு தண்டனை போதும். அது மறுநாளோடு ஒழிக. நன்கு செய்ததை அன்றே பாராட்டுக. பிறர் முன் கடியற்க. உறவினர் பிள்ளையோடு ஒப்பிடற்க. சினம் மூண்டவழிப் பேச்சை ஒத்திவைக்க. பிள்ளை உணவும் உறக்கமும் இழப்பினும், தன்னைத்தான் வருத்திக்கொள்ளினும் தாமதியாது மருத்துவரை நாடுக. 2022-இல் அரசு தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

அம்மாணாக்கன் இல்லத்திற்கு யாம் சென்றது மூன்று திங்கள் கழித்து. அவன் எம்மை அமரச்செய்து நீர் கொடுத்தான், மரியாதையில் குறைவில்லை. ஆயினும் பள்ளிக்கு மீளவில்லை. மறுநாளே சென்றிருப்பின் மீண்டிருப்பானோ என்னும் வினா இன்றும் எம்மை விட்டகன்றிலது.

பெருமக்களே! இன்றிரவு நும் இல்லத்தில் முகங்கொடாதிருக்கும் பிள்ளையிடம் முதற்சொல் நும்முடையதாகுக, அச்சொல் அன்புடையதாகுக.