கொம்பும் கம்பும்



கொம்பின்றிப் பிறந்த பசுக்கள், துஷ்ட மிருகங்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள வகையறியாமல், பம்பையாற்றங்கரையில் எழுந்தருளியிருக்கும் அபிராமேசுவரரைப் பூசித்துக் கொம்பு பெற்றன என்று இந்தத் திருவாமாத்தூர்த் தலத்தின் புராணம் கூறும். சாதுவென்று பெயரெடுத்த பசுவே தனக்கோர் ஆயுதம் வேண்டுமென்று விண்ணப்பம் செய்துகொண்ட ஊரில், கம்பு வித்தையைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். கொல்லாமையை வாழ்நாளெல்லாம் வற்புறுத்திப் பாடிய வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839-1898) சமாதி கொண்டிருப்பதும் இவ்வூரில்தான் என்பது நினைவில் இருக்கிறபடியால், சற்றுக் கூச்சத்துடனேயே தொடங்குகிறேன்.

கூச்சத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. இங்கே வட்டப்பாறை இருக்கிறது. அதன்முன் பொய்ச்சத்தியம் செய்தவன் பிழைப்பதில்லை என்பது இந்தப் பக்கத்து ஜனங்களின் அசையாத நம்பிக்கை. இரட்டைப் புலவர்கள் இத்தலத்துக்குக் கலம்பகம் பாடியபோது கோயில் ஆற்றின் எக்கரையில் உள்ளதென்று மாற்றிச் சொல்லிவிட, அவர்கள் வாக்கு பொய்யாகாதபடி ஆறே தன் போக்கை மாற்றிக்கொண்டதாக ஐதீகம். எனக்காக எந்த ஆறும் திரும்பாது. ஆகையால், பிரமாணம் உள்ளதை மட்டுமே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சிலம்பத்தைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் எடுத்துரைக்கும் செய்திகள் இரண்டு. மதுரைக் கடைவீதியில் யவனர் சிலம்பக் கழிகளை விலைக்கு வாங்கியதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது என்பது ஒன்று. அந்நூலின் சிலம்பு கண்ணகியின் காற்சிலம்பு. கடைவீதியை விரிவாக வருணிக்கும் ஊர்காண் காதையில் கவசம்கூட விற்பனைக்கு வருகிறதேயன்றி, யவனர் கழி வாங்கும் காட்சி இல்லை. காஞ்சியிலிருந்து சென்ற போதிதர்மர் சீனத்து ஷாவோலின் மடத்தாருக்கு நம் வித்தையைக் கற்பித்தார் என்பது மற்றொன்று. அவர் தென்னிந்தியர் என்று சீன நூல்களே கூறுகின்றன. அந்தப் பெருமை நமக்குப் போதும். அவர் பெயரில் வழங்கும் தேகப்பயிற்சி நூலோ, அவருக்கு ஆயிரம் ஆண்டு பிற்பட்டு, பதினேழாம் நூற்றாண்டில் தோன்றியது. இந்தக் கதை நிற்காதென்று தாங் ஹாவ் என்னும் சீன ஆராய்ச்சியாளரே 1930ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டிவிட்டார்.

இவ்விரண்டையும் விட்டுவிட்டால் நம் கை வெறுங்கையாகிவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. புறநானூற்றில் ஆமூர் மல்லனோடு சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருத மற்போரைச் சாத்தந்தையார் கண்ணெதிரே கண்டவர்போல் பாடியிருக்கிறார். ஒரு கால் மல்லனின் மார்பில் மடிந்து ஊன்றியிருக்க, மற்றொரு கால் அவன் உபாயங்களையெல்லாம் தடுத்து முதுகில் வளைந்திருக்க, பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல் அவன் தலையும் காலும் ஒடியத் தாக்கிய வீரத்தை, கிள்ளியோடு பிணங்கியிருக்கும் அவன் தந்தை தித்தன் வந்து காணலாகாதா என்று புலவர் ஏங்குகிறார். இன்றைய மல்யுத்த ஆசிரியர் ஒருவர் அப்பாட்டை வைத்துக்கொண்டு அந்தப் பிடியை மாணாக்கனுக்குக் காட்டிவிடலாம். அதே கிள்ளியிடம் மனத்தைப் பறிகொடுத்த நக்கண்ணையார், வெற்றி அவனுக்கென்று ஒரு சாராரும் இல்லையென்று ஒரு சாராரும் வாதாடுவதைக் கேட்கப் பொறாமல், காற்சிலம்பு ஒலிக்க ஓடித் தம் வீட்டுப் பனையில் சாய்ந்து நின்று அவன் வென்றதைக் கண்டதாகப் பாடுகிறார். நம் வீரக்கலைச் சரித்திரத்தில் சிலம்பு மெய்யாக ஒலித்த இடம் அதுவென்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலில் கதாயுதத்தின்மேல் சாய்ந்து நிற்கும் துவாரபாலகர்களின் நிலையில் ஒரு பயில்வானின் ஓய்வைக் காணலாம். அவன் மகனுக்கு மாமல்லன் என்றே பட்டம்.

இனி நெடுங்காலம் தாண்டி வருகிறேன். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலத் தளபதி 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில், தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்பித்தவர் சிவகங்கையை ஆண்ட சின்ன மருதுவே என்று எழுதுகிறார். அந்த ஆசானையே வேட்டையாடித் துரத்தவும், பின்னர் அவரைத் தொடை எலும்பு முறிந்த கைதியாகச் சிறையில் காணவும் தமக்கு நேர்ந்ததையும் அவரே மனம் வருந்திக் குறித்திருக்கிறார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் பிறப்பித்துத் தென்பாளையங்களின் ஆயுதங்களைக் களைந்தார். 1878இல் ஆயுதச் சட்டமும் வந்தது. வேலும் வாளும் இவ்வாறு போன பின்பு, மாடு ஓட்டவும் பாம்பு அடிக்கவும் வயல்வரப்பில் ஊன்றவும் பயன்படும் கழியைப் பறிப்பது எந்தச் சர்க்காருக்கும் இயலாத காரியமாயிற்று. ஏழையின் கையில் எஞ்சிய இந்தச் சாதனமே, மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம்மவர்களோடும் சென்றது.

இந்தக் கழியின் வித்தையை எளிதென்று எண்ணுவோர் அதன் பயிற்சியை அருகிலிருந்து பார்க்கவேண்டும். கம்பு எடுப்பவனின் நெற்றியளவு உயரம் இருக்கவேண்டும். உள்ளே துளையின்றிக் கெட்டியான மூங்கிலாக இருக்கவேண்டும். ஆனால் வாத்தியார் கம்பை உடனே கையில் கொடுத்துவிடுவதில்லை. முதலில் காலடி. முன்வைத்தும் பின்வாங்கியும் திரும்பியும், பையன் அலுத்துப்போகும்வரை வெறும் மண்ணை மிதித்துப் பழகவேண்டும். பூமியைத் தொட்டு ஒற்றிக்கொண்டு எதிராளிக்கு வணக்கம் செலுத்திய பிறகே வீச்சு. நாற்புறமும் அடிவைத்துத் தன்னைச் சுற்றி ஓர் அரண் செய்துகொள்வதை 'வீடு கட்டுதல்' என்கிறார்கள். தெருச் சண்டையில் 'வீடு கட்டி அடித்தான்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அடிக்கிறவன் எழுப்புவது வீடு என்பதைக் கவனிப்பதில்லை. போட்டியிலும் எலும்பை முறிப்பவன் வென்றவனாகான். எதிராளியின் மேனியில் கம்பின் நுனியால் தொட்டுக் கணக்கு ஏற்றுகிறவனே வென்றவன். இதே மரபில், இரண்டு மான்கொம்புகளை எதிரெதிராகப் பிணைத்து நடுவே பிடித்தாடும் ஆயுதமொன்றும் உண்டு. பசுக்கள் இவ்வூரில் வரமாகப் பெற்றதை மனிதன் மானிடம் கடன் வாங்கிக்கொண்டான் போலும்!

இத்தகைய வித்தையைப் பிறர் காத்த விதம் வேறு. ஜப்பானில் கானோ ஜிகோரோ என்னும் ஆசிரியர் 1882இல் பழைய மல்வித்தைகளைத் திரட்டி ஜூடோவாக வகுத்தார்; உடையும் படித்தரமும் பாடத்திட்டமும் ஏற்பட்டன; அவ்வித்தை உலகமெங்கும் பரவியது. நம் வாத்தியார்களோ ஏட்டைவிட உடம்பையே நம்பினார்கள். ஓர் ஆசான் மறைந்தால் அவர் அடிமுறையில் ஒரு பகுதி அவரோடு மறைந்தது. இதற்கு அந்நியரைக் குறை கூறிப் பயனில்லை. மாணாக்கனிடமும் கடைசி வரிசையை ஒளித்துவைத்த ஆசான்கள் நம்மிடையே இருந்தார்கள்.

ஒளித்துவைத்தல் என்றதும் இவ்வூர்க் கதையொன்று ஞாபகம் வருகிறது. தம்பிக்குச் சேரவேண்டிய பொருளை அபகரித்த அண்ணன் ஒருவன், அதைத் தன் கைத்தடியின் பொந்துக்குள் ஒளித்து, வட்டப்பாறையின் முன் வந்ததும் அந்தத் தடியைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுமாறு தம்பியிடமே கொடுத்து, 'அவன் பொருள் அவனிடமே இருக்கிறது' என்று சத்தியம் செய்தானாம். வார்த்தையில் பொய் இல்லை. தப்பிவிட்டோமென்று நடந்தவனைத் தும்பூரருகே நாகம் தீண்டிற்று என்பார்கள்.

சிலம்ப வாத்தியார் புதுக் கம்பு வாங்கும்போது அதைத் தரையில் தட்டி ஓசை கேட்டுப் பார்ப்பார்; உள்ளே பொந்து இருந்தால் ஒலி காட்டிக்கொடுத்துவிடும். வெளியே கோயில் திடலில் இவ்வூர்ப் பிள்ளைகள் கம்புகளோடு நெடுநேரமாகக் காத்திருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் அவர்கள் ஆடவேண்டும், நான் அமர்கிறேன்.