பகலில் தேயிலை, இரவில் பாடம்

(தானா ராத்தாவில் அறக்கட்டளையின் கல்வி நிதி வழங்கும் நாளில் ஆற்றிய உரை)



"வேலை செய்துகொண்டே மருத்துவப் படிப்புக்குத் தயாராவது எப்படி என்று பேசும்மா" என்று செயலாளர் ஐயா கேட்டபோது நான் தயங்கினேன். "ஐயா, நான் டாக்டர் ஆகவில்லையே" என்றேன். "அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். ஆனவர்கள் பட்ட கஷ்டத்தை மறந்திருப்பார்கள்" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் இங்கே நிற்கிறேன்.

நான் இந்தக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. 1885-இல் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளக்க வந்தார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். இவை புத்தகங்களில் இருக்கின்றன. காட்டை வெட்டிக் கன்று நட்ட நம் தாத்தா பாட்டிகளின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் பாட்டியும் அவர்களில் ஒருவர். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது பாட்டிக்கு நோய் முற்றியது. மலையை விட்டு ஈப்போவுக்குக் கொண்டு போனார்கள். வளைவு வளைவான அந்தப் பாதையில் பாட்டி என் கையைப் பிடித்தபடியே வந்தார். திரும்பி வரவில்லை. அன்றைக்குத்தான் டாக்டராக வேண்டும் என்று நான் சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

2009-இல் எஸ்.பி.எம். எழுதினேன். தேர்ச்சி சுமார்தான். வீட்டில் எனக்குக் கீழே மூன்று பேர். ஆறாம் படிவத்துக்குப் போகாமல் தேயிலை ஸ்டோரில் வேலைக்குப் போனேன். 2013-இல் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று அரசாங்கம் நடைமுறைப்படுத்தியபோது எனக்கும் அதே சம்பளம்தான். அந்த ஆண்டில்தான் இங்கே தானா ராத்தாவில் ஓய்வு பெற்ற இரண்டு ஆசிரியர்கள், பணியிலிருந்த ஒரு வேதியியல் ஆசிரியை, மூவரும் சேர்ந்து மண்டபத்தின் பின் அறையில் இரவு வகுப்பு தொடங்கினார்கள். வாரத்தில் ஐந்து நாள், இரவு 7 மணி முதல் 9.30 வரை. கட்டணம் கிடையாது. எஸ்.டி.பி.எம். தேர்வைத் தனித்தேர்வராக எழுத விரும்பும் வேலைக்காரப் பிள்ளைகளுக்கான வகுப்பு அது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்தோம்.

அந்த வகுப்புக்குப் போய்வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் ஸ்டோர், மாலையில் வீட்டுக்குப் போய் முகம் கழுவிப் பசியாறி, கறிகாய் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குப் புறப்படும் லாரியில் தானா ராத்தா வரை வருவேன். இரவில் திரும்புவதற்குப் பேருந்து இல்லை. அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிப்போவார். அவர் 9.30-க்கு வருவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் மழையில் வேதியியல் டீச்சர் வெளியே போனவர், மழைக்கோட்டோடு சுவரோரம் நின்றிருந்த அப்பாவைப் பார்த்துவிட்டார். லாரிக்குப் பின்னாலேயே அவர் தினமும் வந்துவிடுவாராம். வீட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி வந்தால் பெட்ரோல் இரட்டிப்பாகுமே என்று இரண்டரை மணி நேரம் பனியில் நிற்பாராம். டீச்சர் அவரை உள்ளே அழைத்துக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டும் எங்களோடு அப்பாவும் வகுப்புக்கு வந்தார் என்றே சொல்ல வேண்டும்.

ஒருநாள் பாடம் நொதிகளைப் பற்றியது. மலாயில் 'என்சிம்' என்று படித்தோம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. டீச்சர் கேட்டார்: "உன் ஸ்டோரில் பச்சை இலை எப்படிச் சிவக்கிறது?" நான் தெரிந்ததைச் சொன்னேன். கொழுந்தை வாட்டுவோம், உருட்டுவோம், பரப்பி வைப்போம், நிறம் மாறியதும் சூடான காற்றில் உலர்த்துவோம். டீச்சர் பலகையில் எழுதினார். உருட்டும்போது இலையின் செல்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த கேட்டச்சின்களும் பாலிபீனால் ஆக்ஸிடேஸ் என்னும் நொதியும் காற்றோடு கலக்கின்றன. தேநீருக்கு நிறத்தையும் துவர்ப்பையும் தரும் தியாஃபிளேவின், தியாருபிஜின் போன்ற பொருள்கள் உண்டாகின்றன. உலர்த்தும் சூட்டில் நொதி தன் வடிவம் கெட்டுச் செயலிழக்கிறது, மாற்றமும் நின்றுவிடுகிறது. நான்கு வருடமாக என் கையால் செய்த வேலைக்குள்ளேயே பாடம் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா கேட்டார்: "அப்போ அந்தச் சூட்டிலே நொதி செத்துப்போயிடுதாம்மா?" "ஆமாம்பா" என்றேன். "பாவம்" என்றார். அன்றிலிருந்து அந்தப் பாடம் எனக்கு மறக்கவில்லை.

எல்லாம் இப்படி இனிமையாகவே போகவில்லை. 2012 முதல் எஸ்.டி.பி.எம். மூன்று தவணைத் தேர்வாக மாறியது. ஒன்றரை ஆண்டில் மூன்று முறை தேர்வு. உயிரியல், வேதியியல், கணிதம், அவற்றோடு பொதுக்கல்வி, பல்கலைக்கழகத்துக்காக மூயட் என்னும் ஆங்கிலத் தேர்வு. பள்ளிக்கூட ஆய்வுக்கூடம் இல்லாத தனித்தேர்வர்கள் செய்முறையையும் எழுத்துத் தேர்வாக எழுத வேண்டும். பியூரெட்டைக் கையால் பிடிக்காமலே அதைப் பற்றி எழுதினோம். முதல் தவணைத் தேர்வு நெருங்கிய வாரங்களில் நல்ல மழை பெய்து கொழுந்து வரத்து கூடியது. பறித்த கொழுந்து காத்திருக்காது, ஸ்டோர் இரவிலும் ஓடியது. கூடுதல் நேர வேலையை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, பணமும் தேவையாக இருந்தது. பதினொரு வகுப்புகளுக்கு நான் போகவில்லை. வேதியியல் தாளில் பாதியை எழுதாமலே கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தத் தாளை மறுபடி எழுதலாம் என்று டீச்சர் ஊக்கம் தந்தார். பணத்துக்கு என்ன செய்வது? உதவிநிதி வழங்கும் ஓர் அமைப்புக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் 'தற்போது பயிலும் பள்ளி' என்று ஒரு கட்டம். நான் எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை. காலியாக விட்டேன். 'விவரம் முழுமையாக இல்லை' என்ற குறிப்போடு படிவம் திரும்பி வந்தது. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அவர்களுடைய விதி அப்படி. ஆனால் அந்த ஒரு கட்டத்தின் முன்னால் நான் படிக்கும் பிள்ளையும் இல்லை, படிக்காத பிள்ளையும் இல்லை என்று ஆகிவிட்டேன்.

மறுபடி எழுதினேன். தேறினேன். ஆனால் மருத்துவத்துக்குப் போதிய புள்ளிகள் வரவில்லை. மலேசிய மருத்துவ மன்றம் மருத்துவம் பயிலக் குறைந்தபட்சத் தகுதியை வகுத்திருக்கிறது. அதைத் தாண்டுவது மட்டும் போதாது, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க அதற்கும் மேலே நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் அப்பாதான், "நொதியைப் பற்றிப் படிச்சது வீணா போகுமா? அதுக்கு ஏத்த வேலை வேற இல்லையா?" என்று கேட்டார். டீச்சரும் வழிகாட்டினார். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகத்தில் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் படித்தேன். இன்று ஒரு மருத்துவமனையில் அந்த வேலையில் இருக்கிறேன். டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன் பார்க்கும் இரத்தப் பரிசோதனை முடிவு எங்கள் கை வழியாகத்தான் போகிறது. பாட்டியின் வயதில் இருப்பவரின் மாதிரிக் குழாய் வரும்போதெல்லாம் அதை இரண்டாவது முறையும் சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

மற்ற மூவரில் ஒரு தம்பி, கறிகாய்க் கடையில் பெட்டி கட்டியவர், இன்று டாக்டர். ஓர் அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நான்காமவரான அண்ணன் தாயாரின் நோயால் ஓராண்டிலேயே நிறுத்திவிட்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெரியோர்களே, நாங்கள் செய்தது புதிதொன்றுமல்ல. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், பருவமெய்திய பிறகு பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டிலிருந்தே படித்துத் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறியவர். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அமெரிக்காவில் கார்ல் அலம்பி என்பவர் கிளீவ்லாந்து நகரில் கார் பட்டறை நடத்தியவர். பட்டறையை நடத்திக்கொண்டே வணிகப் பட்டம் படித்தபோது கட்டாயப் பாடமாக உயிரியல் வந்தது. அந்த ஒரு பாடம் அவருடைய பழைய ஆசையை எழுப்பிவிட்டது. பிறகு அறிவியல் பாடங்களையும் படித்து, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 2019-இல் தம் 47-ஆம் வயதில் டாக்டரானார். நம் நாட்டிலும் டாக்டர் மு. தம்பிராஜா அவர்கள் 1982-இல் தோற்றுவித்த ஸ்ரீ முருகன் நிலையம், பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தே ஆயிரக்கணக்கானவர்களை மேலே அனுப்பியிருக்கிறது.

இங்கே இருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். தயார்ப் படிப்பை இரவில் படிக்கலாம், மருத்துவத்தை இரவில் படிக்க முடியாது. இங்கே அது ஐந்தாண்டு முழுநேரப் படிப்பு, அதற்கு மேல் இரண்டாண்டு பயிற்சி மருத்துவர் பணி. அந்த ஐந்தாண்டு வீட்டுக்கு உங்கள் சம்பளம் வராது என்பதைச் சேரும் நாளிலேயே பெற்றோரிடம் பேசுங்கள். தேர்வுக்கு முந்திய மாதம் கூடுதல் நேர வேலையை ஏற்காதீர்கள், அந்தத் தவற்றை நான் செய்தேன். ஆங்கிலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தூக்கத்தைக் குறைத்துக் கிடைக்கும் மணி நேரம் புத்தகத்தில் ஒட்டாது. டாக்டர் வேலை கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். ஒரு மருத்துவமனையை நடத்தப் பல கைகள் வேண்டும்.

நன்கொடையாளப் பெருமக்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்க உத்தரவு கேட்கிறேன்.

முதலாவது, இன்று காலை நம் அறக்கட்டளையின் படிவத்தைப் பார்த்தேன். 'தற்போது பயிலும் பள்ளி' என்ற கட்டம் இதிலும் இருக்கிறது. அதன் கீழே 'அல்லது பணிபுரிந்துகொண்டு தனித்தேர்வராகப் பயில்பவர்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். அதற்கு ஒரு காசும் செலவாகாது.

இரண்டாவது, தேர்வுக்கு முந்திய ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுக்கும் பிள்ளைக்கு அந்த மாதச் சம்பளத்தை அறக்கட்டளை கொடுக்கட்டும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. மூன்று தவணைக்கும் சேர்த்து ஒரு பிள்ளைக்கு 5,100 வெள்ளி. எனக்கு அந்த ஒரு மாதம் கிடைத்திருந்தால் நான் டாக்டராகியிருப்பேன் என்று சொல்லமாட்டேன். அந்த வேதியியல் தாளை முழுவதும் எழுதியிருப்பேன்.

மூன்றாவது, நிறுத்திவிட்ட அந்த அண்ணனைப் பற்றியது. அவர் இப்போது கறிகாய் வியாபாரம் செய்கிறார். இரவு வகுப்பு முடிந்ததும் தம் வேனில் பிள்ளைகளை ஒவ்வொரு தோட்டமாகக் கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறார். எந்த அப்பாவும் இன்று பனியில் நிற்பதில்லை. பெட்ரோல் காசு யாரிடமும் அவர் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டார். இந்த மண்டபத்தின் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் சொல்வதைக் கேட்டுக் கோபப்படுவார் என்பது தெரியும். ஆகையால் அவருக்குப் பதிலாக நான் கேட்கிறேன்.

அன்னதானம் வழங்கும்போது சாப்பிட வந்தவரிடம் எந்த ஊர், என்ன வேலை என்று நாம் கேட்பதில்லை. பசி இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறோம். கல்விக்கும் அப்படியே பாருங்கள் என்று வேண்டி, மலைமேல் வீற்றிருக்கும் முருகப்பெருமான் உங்கள் குடும்பங்களைக் காத்தருள வேண்டுமென்று வணங்குகிறேன்.