கைக்கு வந்த வேதம்

பாடாங் செராயில், வேலைக்குக் கிளம்புமுன் வேதாகமத்தைத் திறந்திருக்கும் நேயர்களுக்கு ஒரு தகவல்.

ஜெர்மானியப் போதகர் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தது 1706இல். 1707இல் ஆலயம் எழுந்தது. மறு ஆண்டே புதிய ஏற்பாட்டைத் தமிழாக்க உட்கார்ந்துவிட்டார். இடையில் நான்கு மாதம் சிறை. வெளியே வந்ததும் அதே வேலை, 1711இல் முடித்தார்.

அச்சேற்றக் காகிதம் போதவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்துகளோ பெரியவை. சளைக்காமல் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுதாக வெளிவந்தது. இந்திய மொழிகளில் அதுவே முதல். வேதம் போதகர் கையோடு நிற்காமல் எளியவர் கைக்கும் போகவேண்டும் என்ற அந்தத் தவிப்பை நான் வணங்குகிறேன்.

பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தார். 1719இல், 36 வயதில் காலமானார். மீதியைத் தொடர்ந்தவர், அவருக்குப்பின் வந்த போதகர் சூல்ட்சே.