தறியும் பீடமும்

(யூபிலி விழாவுக்கு ஆயத்தமாகப் பங்கு மக்களுக்குப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கொடியேற்றம், தேர்ப்பவனி, ஆண்டகையின் வருகை, விருந்து ஆகியவைதாம் நம் நினைவுக்கு வருகின்றன. எல்லாம் வேண்டியவையே. ஆனால் கோயிலுக்கு வெள்ளையடித்து, மின்விளக்குப் போட்டு, மலரும் வெளியிட்டு முடித்தபின், அடுத்த ஞாயிறு இங்கே எத்தனைபேர் முழந்தாளிட்டிருப்பார்கள் என்பதே என் கவலை. ஆகவே இன்று வழிபாட்டைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

வீடு சந்திக்க வரும்போதெல்லாம் நான் கேட்கும் பதில் ஒன்று உண்டு. "ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஏது சாமி லீவு? அமாவாசைக்குத்தான் தறியை நிறுத்துவோம். முகூர்த்த மாதத்தில் சேலையை அறுத்துக் கொடுக்காவிட்டால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது?" இதை நான் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடுவதில்லை. பட்டுச் சேலை தறியிலிருந்து இறங்க ஒருவர் கை போதாது. ஒருவர் நெய்ய, ஒருவர் தார் சுற்ற, ஒருவர் அறுந்த இழையைப் பிணைக்க, வீடே சேர்ந்து உழைக்கிறது. ஒரு நாள் தறி நின்றால் வீட்டுக்கே கூலி நிற்கிறது. இதை அறியாமல் கடன் திருநாள் சட்டத்தை மட்டும் உங்கள் முன் நீட்டுவது குருவுக்கு அழகல்ல.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதல் கிறிஸ்தவர்களுக்கும் ஞாயிறு விடுமுறை நாள் அன்று. உரோமைப் பேரரசில் அது மற்ற நாட்களைப் போன்ற வேலை நாளே. கி.பி. 112-ஆம் ஆண்டளவில் பித்தினியா நாட்டு ஆளுநனாயிருந்த பிளினி, திராயன் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றிப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறான். அவர்களில் அடிமைகளும் கூலியாட்களும் இருந்தார்கள். விடிந்தால் எசமான் கூப்பிடுவான். ஆகவே விடியுமுன் வந்தார்கள். கான்ஸ்தந்தீன் பேரரசன் ஞாயிற்றை ஓய்வு நாளாக்கியது 321-இல்தான். அப்போதும் உழவு வேலைக்கு விலக்குக் கொடுத்தான். அதுவரை ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுக் காலம் விடுமுறை இல்லாமலேதான் திருச்சபை ஞாயிற்றைக் கொண்டாடிற்று. 304-இல் வட ஆப்பிரிக்காவின் அபித்தினா ஊரில், தடையை மீறி ஒரு வீட்டில் கூடியதற்காக 49 பேரைப் பிடித்துச் சென்றார்கள். ஏன் கூடினீர்கள் என்று நீதிபதி கேட்டபோது, ஆண்டவருடைய விருந்தின்றி எங்களால் இருக்க முடியாது என்னும் பொருளில் அவர்களில் ஒருவர் விடை சொன்னார். உயிரையும் கொடுத்தார்கள்.

அப்படி உயிரைக் கொடுக்கும் அளவுக்கு அங்கே என்ன நடக்கிறது? திருவழிபாட்டுக்குக் கிரேக்க மொழியில் 'லித்துர்ஜியா' என்று பெயர். பழைய ஏதென்ஸ் நகரில் வசதி படைத்தவர் ஊருக்காகப் போர்க்கப்பல் ஒன்றைப் பேணுவதும், திருவிழாப் பாடற்குழுவின் செலவை ஏற்பதும் இப்பெயரால்தான் வழங்கின. மக்களுக்காகச் செய்யும் ஊழியம் என்பது பொருள். ஆகையால் வழிபாடு வேடிக்கை பார்ப்பதற்கன்று, செய்வதற்கு உரியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் தன் முதற் கொள்கை விளக்கமாகத் திருவழிபாட்டைப் பற்றியதையே வெளியிட்டது. ஆதரவாக 2147 வாக்குகள், எதிர்த்தவை நான்கே. மக்கள் அனைவரும் உணர்ந்து, முழுமையாகப் பங்கெடுக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. நம் பாட்டிமார் பூசை நேரத்தில் செபமாலை சொன்னார்கள் என்றால், இலத்தீன் புரியாததால் சொன்னார்கள். நமக்கோ எல்லாம் தமிழில் நடக்கிறது. ஆயினும் ஆண்களில் சிலர் பிரசங்கம் முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள். பிரசங்கம் நீளம் என்றால் என்னிடமே சொல்லலாம். மரத்துக்கு அது தெரியவேண்டியதில்லை.

காணிக்கை நேரத்தைக் கவனியுங்கள். அப்பத்தை உயர்த்திப் பிடித்துக் குரு சொல்லும் செபம் அதைக் கடவுளின் கொடை என்பதோடு நிறுத்திவிடாமல், மனிதனின் உழைப்பையும் சேர்த்துச் சொல்கிறது. உழுதவன், அரைத்தவள், சுட்டவன் எல்லாரும் அந்தச் சிறு அப்பத்தில் இருக்கிறார்கள். ஆரணியில் நாம் உயர்த்தும் அப்பத்தோடு, குழித்தறியில் கால் மரத்துப்போக உட்கார்ந்தவனின் ஆறு நாளும் உயர்கிறது. வாரமெல்லாம் உழைத்தவன் வெறுங்கையோடு இங்கே வருவதில்லை. அவன் வராவிட்டால் அந்தக் காணிக்கையில் ஒரு பங்கு குறைகிறது.

இங்கேதான் கடினமான பேச்சு ஒன்றும் வருகிறது. நாலாம் நூற்றாண்டில் பொன்வாய் அருளப்பர் என்னும் கிறிசோஸ்தோம், கோயிலில் கிறிஸ்துவைப் பட்டால் மகிமைப்படுத்திவிட்டு, வெளியே குளிரில் ஆடையின்றி நிற்கும் கிறிஸ்துவைக் கைவிடாதீர்கள் என்று தம் மக்களைக் கண்டித்தார். பட்டு என்றே சொன்னார். நம் ஊருக்கே சொன்னதுபோல் இருக்கிறது. பீடத்துக்குச் சரிகைக் கரையிட்ட பட்டு விரிப்பு ஒன்றை யூபிலி காணிக்கையாகக் கொடுக்கச் சிலர் முன்வந்திருக்கிறார்கள், நன்றி. ஆனால் அதை நெய்தவருக்குக் கூலி பாக்கி இருந்தால், அது பீடத்துக்கு வரவேண்டாம். கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி ஆண்டவரின் செவிகளில் கூக்குரலிடும் என்று புனித யாகப்பர் எழுதியிருக்கிறார். நம் பங்கில் தறி வைத்துக் கூலி கொடுப்பவர்களும் உண்டு, கூலி வாங்குபவர்களும் உண்டு. இருவரும் ஒரே வரிசையில் நின்று நன்மை வாங்குகிறார்கள். கொரிந்தியரைப் புனித சின்னப்பர் கடிந்துகொண்டதும் இதற்காகவே. இருப்பவர்கள் முந்தி உண்டு குடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அது ஆண்டவருடைய விருந்தே அன்று என்று அவர் சொல்லிவிட்டார்.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று எண்ணவேண்டாம். நம் தமிழ்நாட்டில், தெற்கே வடக்கன்குளத்தில், இரு சாதியார் ஒருவரையொருவர் பாராமல் பூசை காண்பதற்கென்றே, ஒரே பீடத்துக்கு முன் இரு கிளையாகப் பிரிந்த கோயில் கட்டப்பட்டு நடுவே தடுப்பும் இருந்தது. 1910-இல் அந்தத் தடுப்பை இடித்தார்கள். வழக்கு நீதிமன்றம் ஏறியது. 1916-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருச்சபையின் பக்கமே தீர்ப்பளித்தது. நம் கோயிலில் சுவர் இல்லை. ஆனால் யார் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள், தேரின் வடத்தை முதலில் யார் பிடிப்பது, அசனத்தில் யார் அருகில் யார் இலை போடுகிறார்கள் என்பதை நானும் பார்க்கிறேன், நீங்களும் பார்க்கிறீர்கள். ஆண்டவருடைய அங்கி மேலிருந்து கீழ்வரை தையலின்றி ஒரே நெசவாய் இருந்ததென்று அருளப்பர் எழுதுகிறார். அதன் அருமை நெசவாளர்களாகிய உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சிலுவையடியில் நின்ற சேவகர்கள்கூட அதைக் கிழிக்க மனமின்றிச் சீட்டுப் போட்டார்கள்.

பங்குப் பேரவையோடு கலந்து சில முடிவுகள் செய்திருக்கிறோம். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஞாயிறு முதற்பூசை காலை ஐந்து மணிக்கு நடக்கும். ஆறு மணிக்குள் வீடு திரும்பலாம். காணிக்கைப் பவனியில் அப்பமும் இரசமும் கொண்டுவர, தறி வேலை செய்யும் குடும்பங்கள் முறைவைத்து வரட்டும். உபதேசியாரிடம் பெயர் கொடுக்கவும். இந்த ஆண்டு தேர்வடத்துக்கு முதல் மரியாதை யாருக்கும் இல்லை; வந்து நிற்கிறவர் பிடிக்கலாம். கூலிக் கணக்கில் பாக்கி உள்ளவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் அதைத் தீர்த்துவிட்டு, ஞாயிறு காலையில் இங்கே வாருங்கள்.