அளவு சரியானால் கணக்கும் சரியாகும்

(மின்துறைப் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



நான் பொருளாதாரம் பயின்றவன், பொறியாளன் அல்லன். எனினும் மின் அளவீட்டைப் பற்றிப் பேச முன்வந்ததற்குக் காரணம், பணியின் தொடக்கத்தில் நான் செய்த ஒரு தவறேயாகும். ஒரு மின்பாதையில் இழப்பு உயர்ந்திருப்பதைப் புள்ளிவிவரத்தில் கண்டு, மின்திருட்டே காரணம் எனக் குறிப்பு எழுதினேன். அப்பகுதிக் கம்பிப் பணியாளர்களிடம் விளக்கம் கோரப்பட்டது. பின்னர் சோதித்தபோது, பழுதுபார்த்துப் பொருத்திய அளவியின் மின்னோட்ட உள்ளீடு 100-க்கு 4 பங்கு மிகையாகக் காட்டியது தெரியவந்தது.

100 யூனிட் அனுப்பி 85 யூனிட் விற்றால் இழப்பு 15 விழுக்காடு. அனுப்பியது 104 எனப் பதிவானால், அதே இழப்பு 18 விழுக்காட்டைத் தாண்டிவிடும். திருடன் இல்லாமலே திருட்டு உருவாகிவிடுகிறது!

உயர் மின்னழுத்தத்தை அளவி நேராக ஏற்பதில்லை. மின்மாற்றிகள் அழுத்தத்தை வழக்கமாக 110 வோல்ட்டுக்கும், ஓட்டத்தை 5 அல்லது 1 ஆம்பியருக்கும் குறைத்து அளிக்கின்றன. இவ்விரு உள்ளீடுகளையும் தெரிந்த அளவுகளோடு ஒப்பிட்டுச் சீர்செய்வதே அளவுத்திருத்தம்.

முதலில் சுழிப்பிழையை நீக்க வேண்டும். 5 ஆம்பியர் அளவியில் 0.01 ஆம்பியர் பிழை முழுச் சுமையில் 0.2 விழுக்காடே, 0.25 ஆம்பியரில் அதுவே 4 விழுக்காடாகிவிடும். அடுத்து, முழு அளவுக்கு அருகில் செந்தர அளவைச் செலுத்திக் காட்டும் மதிப்பைப் பொருத்த வேண்டும். பின்னர் இடைப்பட்ட புள்ளிகளில் சரிபார்க்க வேண்டும்.

அழுத்தமும் ஓட்டமும் தனித்தனியே சரியாக இருந்தாலும் போதாது. இரண்டிற்கும் இடையிலான கட்டக் கோணம் 1 பாகை பிசகினால், திறன் காரணி 1 ஆக உள்ளபோது பிழை புலப்படாது, 0.5 ஆகக் குறையும்போது திறன் கணக்கில் ஏறத்தாழ 3 விழுக்காடு பிழை நேரும். எனவே குறைந்த திறன் காரணியிலும் சோதித்தல் இன்றியமையாதது. ஓர் எச்சரிக்கை: மின்னோட்டம் பாயும்போது மின்னோட்ட மின்மாற்றியின் இரண்டாம் சுற்றை ஒருபோதும் திறந்துவிடலாகாது. ஆபத்தான உயர் மின்னழுத்தம் அங்கே தோன்றும். முதலில் அதைக் குறுக்கிணைத்த பின்னரே அளவியைக் கழற்ற வேண்டும்.

ஒப்பிடும் கருவியே பிழையானால் என் செய்வது? அது மேலான செந்தரத்தோடும், அச்செந்தரம் இறுதியில் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் செந்தரங்களோடும் சங்கிலியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். 2019 மே 20 முதல் ஆம்பியரே எலெக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. சரியான அளவி மூலமே மின்சாரம் வழங்கப்பட வேண்டும் என்பதை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு வலியுறுத்துகிறது.

அன்று நான் என் குறிப்பைத் திரும்பப் பெற்றேன். ஆயினும் ஐயத்திற்கு ஆளான பணியாளர்களின் மனவருத்தத்தை எந்தக் கோப்பினாலும் திரும்பப் பெற இயலவில்லை. ஆகவே, இழப்பு விழுக்காட்டை எழுதுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த அளவி கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது?