எந்தக் கண்ணாடி உடையும்?

கார் வைத்திருப்பவர்கள் பலர் இப்போது சாவிக்கொத்திலோ டேஷ்போர்டிலோ ஒரு சின்னக் கருவியை வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கண்ணாடியை உடைக்கும் முனை, மறுபக்கம் சீட் பெல்ட்டை அறுக்கும் பிளேடு. கார் தண்ணீரில் சிக்கினாலோ தீப்பிடித்தாலோ கதவு திறக்காமல் போனாலோ வெளியே வர உதவும் என்று வாங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. உங்கள் காரில் எந்தக் கண்ணாடி உடையும்?

தண்ணீரில் கார் மூழ்குவது என்றால் ஆற்றையும் கடலையும் நினைத்துக்கொள்கிறோம். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி, ஓர் அரசு மருத்துவர் உயிரிழந்தார். 2023 மே மாதம் பெங்களூருவில், நகரின் நடுவே, கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் ஓர் இளம்பெண். 2024 செப்டம்பரில் டெல்லியை அடுத்த ஃபரிதாபாத்தில், மறுபடியும் ஒரு ரயில்வே சுரங்கப்பாதையில், வங்கி ஊழியர்கள் இருவர். எல்லாமே தினமும் வண்டிகள் போய்வரும் பாதைகள். மழைக்காலம் உள்ள எந்த ஊரிலும் இது நடக்கலாம்.

கண்ணாடிக்கு வருவோம். காரில் இரண்டு வகைக் கண்ணாடி உண்டு. ஒன்றை டஃபன்டு என்கிறார்கள், டெம்பர்டு என்றும் சொல்வார்கள். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளே இருக்கும் பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை உள்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு வலு. கையால் குத்தினாலும் காலால் உதைத்தாலும் அசையாது. ஆனால் கூர்மையான, மிகக் கடினமான ஒரு முனை ஒரே புள்ளியில் அந்த மேற்பரப்பைத் துளைத்துவிட்டால், உள்ளே அடைந்து கிடக்கும் விசை முழுவதும் அவிழ்ந்து, மொத்தக் கண்ணாடியும் நொடியில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். சாவிக்கொத்துக் கருவி நம்பியிருப்பது இந்த ஒரு குணத்தை மட்டும்தான்.

இன்னொன்று லேமினேட்டட். இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்ற ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கிவிடுவது. இதற்கு வழிகாட்டியவர் எத்வார் பெனெதிக்தூஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1903-இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிர, சிதறவில்லை. உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. காரின் முன்கண்ணாடிக்கு இந்த வகையைத்தான் போடுகிறார்கள். கல் பட்டால் சிலந்தி வலை போல விரிசல் ஓடும், ஆனால் முகத்தில் வந்து கொட்டாது.

முன்கண்ணாடியோடு நின்றிருந்தால் இன்று இந்தப் பேச்சுக்கே வேலை இல்லை. இப்போது பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கும் லேமினேட்டட் வந்துகொண்டிருக்கிறது. வெளிச்சத்தம் உள்ளே கேட்காது, திருடனால் எளிதில் உடைக்க முடியாது என்பவை வாங்குபவருக்குச் சொல்லப்படும் காரணங்கள். இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. வண்டி உருளும்போது உள்ளே இருப்பவர்கள் ஜன்னல் வழியாக வெளியே வீசப்படுவது மிகக் கொடிய விபத்து. அதைத் தடுக்க 2011-இல் அமெரிக்க அரசு ஒரு விதி கொண்டுவந்தது. அதற்குப் பிறகு அங்கே பக்கக் கண்ணாடிகளில் லேமினேட்டட் பரவியது. ஆகவே இந்தக் கண்ணாடியைத் திட்டுவதற்கு இல்லை. எத்தனையோ பேரை அது வண்டிக்குள்ளேயே பிடித்து வைத்துக் காப்பாற்றுகிறது. அதே பிடிதான் தண்ணீரிலும் தீயிலும் நமக்கு எதிராக நிற்கிறது.

சந்தையில் விற்கும் கருவிகள் இதை உடைக்குமா? 2019-இல் அமெரிக்காவின் வாகன உரிமையாளர் சங்கமான ட்ரிபிள் ஏ இதைச் சோதித்துப் பார்த்தது. ஆறு கருவிகள்: மூன்று ஸ்பிரிங் வகை, மூன்று சுத்தியல் வகை. டெம்பர்டு கண்ணாடியை உடைத்தவை நான்கு. லேமினேட்டட் கண்ணாடியை உடைத்தவை ஒன்றுகூட இல்லை. 2018-ஆம் ஆண்டு மாடல் கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு லேமினேட்டட் பக்கக் கண்ணாடி இருந்ததாகவும் அந்தச் சங்கம் அப்போது சொன்னது.

ஆறும் தோற்றதில் வியப்பு இல்லை. கோணிச் சாக்கில் ஊசியால் குத்தினால் ஓட்டைதான் விழும், சாக்கு கிழிந்து வழிவிடாது. லேமினேட்டட் கண்ணாடியிலும் அப்படித்தான். முனை பட்ட இடத்தில் விரிசல் விடும், நடுவே உள்ள படலம் அப்படியே நிற்கும். தீயணைப்பு வீரர்கள் இதற்கென்றே பல்வைத்த கண்ணாடி ரம்பமோ கோடரியோ மின்ரம்பமோ வைத்து, ஓரமாக அறுத்து எடுக்கிறார்கள். அதற்கு வெளியே நின்று வேலை செய்ய இடம் வேண்டும், நேரமும் வேண்டும். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் ஆஞ்சலா சாவ் என்ற கப்பல் நிறுவனத் தலைவரின் கார், பின்னோக்கிப் போய்ப் பண்ணைக் குளத்தில் இறங்கியது. மீட்க வந்தவர்கள் மூழ்கிய காரின் மேல் ஏறி நின்று கண்ணாடியை உடைக்கப் போராடினார்கள். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. வெளியே, ஆள் பலத்தோடு வந்தவர்களுக்கே அந்த நிலை. உள்ளே, இருட்டில், இடுப்பளவு தண்ணீரில், கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு இருப்பவரை நினைத்துப் பாருங்கள்.

அதனால்தான் முதலில் கண்ணாடியைப் படியுங்கள் என்கிறேன். ஒவ்வொரு கண்ணாடியின் கீழ் மூலையிலும் சின்னதாக ஒரு முத்திரை இருக்கும். பல கார்களில் டெம்பர்டு, டஃபன்டு அல்லது லேமினேட்டட் என்று ஆங்கிலத்தில் எழுத்தாகவே இருக்கும். எழுத்து இல்லாமல், வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், அது ஐரோப்பிய முறை முத்திரை. அதன் அருகே ரோமன் எண்ணில் பதினொன்று என்று இருந்தால், அது முன்கண்ணாடி அல்லாத இடத்துக்கான லேமினேட்டட் கண்ணாடி. அமெரிக்க முறையில் ஏஎஸ் 2 என்று மட்டும் இருந்தால் அதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம், இரண்டு வகைக்கும் அந்தக் குறி வரும். முத்திரை புரியவில்லையா? கண்ணாடியைப் பாதி இறக்கி, மேல் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே தகடாக இருந்தால் டஃபன்டு. இரண்டு தகடுகளும் நடுவே ஒரு மெல்லிய கோடும் தெரிந்தால் லேமினேட்டட்.

ஒரு கதவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. முன்கதவுகள் இரண்டிலும் லேமினேட்டட், பின்கதவுகளில் டஃபன்டு என்று அமைத்த கார்கள் நிறைய. டிக்கிக் கண்ணாடி பெரும்பாலும் டஃபன்டாகவே இருக்கும். எஞ்சின் முன்னால் இருக்கும் கார் தண்ணீரில் மூக்கைத்தான் முதலில் அமிழ்த்தும். பின்பக்கம் கொஞ்ச நேரம் மிதக்கும். உடையக்கூடிய கண்ணாடி பின்னால் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், போக வேண்டிய திசையும் தெரிந்துவிடுகிறது. கண்ணாடியில் ஒட்டுத்தாள் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்புத் தாளை ஒட்டத் தடை விதித்தது. தடை ஒருபுறம் இருக்க, ஒட்டியிருக்கும் எந்தப் படலமும் உடைந்த துண்டுகளைத் தாங்கிப் பிடிக்கும், காலால் தள்ளித்தான் வழி செய்ய வேண்டியிருக்கும்.

இனிமேல்தான் கருவி. என் தேர்வு ஸ்பிரிங் வகை. லேத் பட்டறையில் புள்ளி குத்தும் ஆட்டோமேட்டிக் சென்டர் பஞ்ச் வேலை செய்யும் அதே முறை: கண்ணாடியில் வைத்து அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங் விடுபட்டு, முனை பாய்ந்து தட்டும். வீசி அடிக்க இடம் தேவையில்லை. கை வலுவில்லாத முதியவரும் பயன்படுத்தலாம். சுத்தியலைத் தண்ணீருக்குள் வீசிப் பாருங்கள், தண்ணீரே வேகத்தைக் குடித்துவிடும். ஸ்பிரிங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. கண்ணாடியின் நடுவில் வைக்காமல் ஓரமாக, மூலைக்கு அருகில் வைத்து அழுத்த வேண்டும். பெல்ட் அறுக்கும் பிளேடு சேர்ந்தே இருக்கட்டும். விரல் நுழையாத பள்ளத்துக்குள் பதிந்த பிளேடுதான் நல்லது, பதற்றத்தில் குழந்தையைக் கீறிவிடாது.

ட்ரிபிள் ஏ சோதனையில் ஆறில் இரண்டு கருவிகள் சாதாரண டெம்பர்டு கண்ணாடியிலேயே தோற்றன என்பதை மறக்காதீர்கள். மலிவாகக் கிடைப்பதை நம்பிப் பெட்டியில் போட்டு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முடிந்தால் ஒரே மாதிரியில் இரண்டு வாங்குங்கள். சென்னைப் புதுப்பேட்டை மாதிரிப் பழைய உதிரிபாகக் கடைகளில் கதவுக் கண்ணாடி கிடைக்கும். கண்ணுக்குக் காப்பு, கையுறை, கண்ணாடியின் மேல் ஒரு பழைய போர்வை, இவ்வளவும் போட்டுக்கொண்டு ஒன்றை அதில் சோதித்துப் பாருங்கள். அந்தச் சத்தத்தையும் உதிர்வையும் ஒரு முறை பார்த்தவருக்குக் கை தயங்காது.

சீட்டின் தலையணையைக் கழற்றி அதன் கம்பியால் கண்ணாடியை உடைக்கலாம் என்று காணொளிகள் சுற்றுகின்றன. அந்தக் கம்பி அதற்காகச் செய்யப்பட்டது அல்ல. லேமினேட்டட் கண்ணாடியில் அதனால் எந்தப் பயனும் இல்லை. அதை நம்பிக் கருவி வாங்காமல் இருந்துவிடாதீர்கள்.

சரி, எல்லாக் கண்ணாடியும் லேமினேட்டட் என்றால்? அந்தக் காருக்குக் கண்ணாடி உடைக்கும் கருவியைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம். பெல்ட் அறுக்கும் பிளேடு போதும். உங்கள் வழி ஜன்னலை இறக்குவதும் கதவைத் திறப்பதும்தான், அதுவும் முதல் நிமிடத்திலேயே. பொத்தானை அழுத்தித் திறக்கும் மின்கதவு உள்ள காரானால், மின்சாரம் போனாலும் திறக்கக்கூடிய கைப்பிடி ஒன்று பெரும்பாலும் எங்கேயாவது மறைந்திருக்கும். சில கார்களில் பின்சீட்டுக்கு அது கதவுப் பைக்குள், ஒரு மூடிக்கு அடியில்கூட இருக்கும். காரோடு தந்த கையேட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து, வீட்டில் எல்லோரையும் ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள், குழந்தைகள் உட்பட.

முதல் நிமிடம் என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் உண்மையான கார்களை, ஆட்களை உள்ளே வைத்து, தண்ணீரில் இறக்கிச் சோதித்தவர். கார் விழுந்தவுடன் மூழ்காது, சிறிது நேரம் மிதக்கும். அந்த நேரத்தில் பவர் விண்டோ பெரும்பாலும் வேலை செய்யும். சீட் பெல்ட்டை அவிழ், ஜன்னலைத் திற, குழந்தைகளை முதலில் வெளியே அனுப்பு, நீயும் வெளியேறு என்பது அவர் சொல்லும் வரிசை. போன் செய்து உதவி கேட்பது இந்த வரிசையில் இல்லை. கேட்கலாம், ஆனால் கூரை மேல் ஏறிய பிறகு.

தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டால் கண்ணாடியைக் கதவோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும், மோட்டாரால் இறக்க முடியாது. கதவின் கணக்கு இன்னும் கொடியது. ஒரு மீட்டர் அகலமுள்ள கதவுக்கு வெளியே அரை மீட்டர் உயரம் தண்ணீர் நின்றால், அது ஏறக்குறைய 125 கிலோ அழுத்துவதற்குச் சமம். உயரம் ஒரு மீட்டரானால் இரு மடங்கல்ல, நான்கு மடங்கு, 500 கிலோ. மிதக்கும் காரில் கதவைத் திறந்தால் தண்ணீர் ஒரேயடியாக உள்ளே பாய்ந்து காரை இழுத்துவிடும், அதனால் அங்கே ஜன்னல்தான் வழி. நம் சுரங்கப்பாதைகளில் நிலை வேறு. அங்கே கார் நின்றுபோகிறது, சக்கரம் தரையில் இருக்கிறது, தண்ணீர் மெல்ல ஏறுகிறது. எஞ்சினை மறுபடி கிளப்பிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் உயிரை எடுக்கின்றன. தண்ணீர் கதவின் அடிவிளிம்பைத் தொடும்போதே இறங்கி நடந்துவிட வேண்டும். கார் போனால் போகட்டும்.

கருவியை எங்கே வைப்பது? டேஷ்போர்டுப் பெட்டியில் வேண்டாம். வண்டி கவிழ்ந்தால் பெட்டியில் உள்ளதெல்லாம் எங்கோ போய் விழும், தேட முடியாது. டிக்கியும் கூடாது. பெல்ட்டோடு கட்டுண்ட நிலையில், எந்தக் கையாலும் எட்டும்படி, அசையாமல் பொருத்தியிருக்க வேண்டும். குழந்தைகளும் பெரியவர்களும் பின்னால் உட்காரும் குடும்பமானால் பின்சீட்டுக்கும் ஒன்று.

பேருந்துப் பயணிகளுக்கும் இது பொருந்தும். 2013 அக்டோபரில் பெங்களூரு–ஹைதராபாத் நெடுஞ்சாலையில் பாலெம் என்ற ஊருக்கு அருகே ஒரு ஏசி பேருந்து தீப்பற்றி 45 பேர் இறந்தார்கள். 2025 அக்டோபரில் அதே நெடுஞ்சாலையில், கர்னூல் அருகே, மறுபடியும் ஒன்று. ஏசி பேருந்தில் ஏறியதும் சுத்தியல் எங்கே தொங்குகிறது, அவசர வழி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தியல் இல்லாமல் வெறும் தாங்கி மட்டும் இருந்தால், வண்டி புறப்படும் முன் ஓட்டுநரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கார் தயாரிப்பவர்களிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பேருந்தில் எந்த ஜன்னலை உடைத்து வெளியேறலாம் என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறது. காரில் அந்தச் செய்தியை ஒரு மூலையில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில், சங்கேதமாக அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். உடையக்கூடிய கண்ணாடி இது என்று உள்பக்கம் விரலகல ஒட்டுத்தாள் ஒன்று வேண்டும், அதுவும் அந்தந்த மாநில மொழியில். அதற்கு ஆகும் செலவு சில ரூபாய்தான். கார் வாங்கப் போகும் நேயர்கள் ஷோரூமில் மைலேஜ் கேட்கும்போது, பக்கக் கண்ணாடி எந்த வகை என்பதையும் கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியவில்லை என்றால், விசாரித்து எழுத்தில் தரச் சொல்லுங்கள்.