கடைசி அம்புக்குறி

(வாசகர் சந்திப்பொன்றில் பேசியது. பதிவிலிருந்து எழுதும்போது சில இடங்களை விரித்திருக்கிறேன்.)

என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். ‘பேரிடர் வந்தால் அரசுத் துறைகள் எப்படி ஒன்றுசேர்ந்து வேலை செய்கின்றன, அதை எப்படி மாதிரியாக வரைந்து பார்க்கிறார்கள் என்பது பற்றிப் பேசுகிறேன்’ என்றேன். நண்பர் ஒருத்தர், ‘அது கலெக்டர் ஆபீஸ் மீட்டிங் சமாச்சாரமாச்சே, நமக்கெதுக்குய்யா?’ என்றார். நமக்குத்தான் என்று சொல்லவே வந்திருக்கிறேன். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது பள்ளத்தில் இருக்கிற தெரு. எந்த ஊரிலும் பள்ளத்தில் இருப்பது எந்தத் தெரு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில், மாதிரி என்றால் என்ன? ஒரு தாளில் பெட்டி பெட்டியாகப் போட்டு, ஒரு பெட்டியில் வருவாய்த்துறை, ஒன்றில் போலீஸ், தீயணைப்பு, சுகாதாரம், மின்வாரியம் என்று எழுதி, யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், யார் யாருக்கு உத்தரவு போட வேண்டும் என்று அம்புக்குறி போடுவது. இதையே கணினியில் ஏற்றி ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. ஒரு ரோடு அடைபட்டால் எத்தனை உயிர் போகும், ஒரு செய்தி அரை மணி தாமதமானால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். இது ஒன்றும் வெட்டி வேலை இல்லை. 1970இல் தெற்குக் கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது பல துறைகள் தீயணைக்க வந்தன. ஒருவர் சொல்லுகிற சொல் இன்னொருவருக்குப் புரியவில்லை, வயர்லெஸ் அலைவரிசை ஒத்துப்போகவில்லை, யார் தலைமை என்று தெரியவில்லை. அந்த அனுபவத்திலிருந்துதான் ஒரே தலைமை, அதன்கீழ் களப்பணி, திட்டமிடல், தளவாடம் என்று பிரிக்கிற முறை வந்தது. நம் நாட்டின் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் அதையே இங்கேயுள்ள நிர்வாகத்துக்கு ஏற்ப மாற்றி, வழிகாட்டு நெறியாக வெளியிட்டது. மாவட்டத்தில் அதற்குப் பொறுப்பு கலெக்டர்.

ஒருங்கிணைப்பு இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு நாம் கலிபோர்னியா போக வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ராவில் பூமி அதிர்ந்தது. தமிழகக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேரம்! நாகப்பட்டினத்திலிருந்து நடந்தே தப்பித்திருக்கலாம். சொல்ல ஆள் இல்லை. அன்றைக்கு வானிலைத் துறையிலிருந்து போன ஃபேக்ஸ், பதவியில் இல்லாத பழைய அமைச்சரின் வீட்டுக்குப் போனதாகப் பத்திரிகைகள் எழுதின. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் மீனவ மக்கள். அந்தச் சாவை நாம் மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

அதற்குப் பிறகு நாகையில் நடந்த நிவாரண வேலையைப் பல இடங்களில் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். வெளியிலிருந்து மூத்த அதிகாரிகளைக் கொண்டுவந்து பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். தொண்டு நிறுவனங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாமலிருக்க ஒரு ஒருங்கிணைப்பு மையம் இயங்கியது. வேகமாகத்தான் வேலை நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வேகம் எப்படி வந்தது? அம்புக்குறி மேலிருந்து கீழே வந்து, பல கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தில் போய் முடிந்தது. பட்டியல் கொடுப்பது அவர்கள், பொருளைப் பிரித்துக் கொடுப்பதும் அவர்கள். நிர்வாகத்துக்கு அது சுலபம். ஒரு ஆளிடம் கொடுத்தால் ஊர் முழுக்கப் போய்விடும் என்று கணக்கு. ஊர் முழுக்கத்தான் போனது. சேரிக்குப் போகவில்லை. முகாமில் தனியாக உட்காரவைத்தது, தண்ணீர்த் தொட்டியில் தொடவிடாதது, கடலை ஒட்டிப் பிழைத்துக்கொண்டு படகோ வலையோ சொந்தமில்லாத தலித் கூலிகளை ‘பாதிக்கப்பட்டவர்’ பட்டியலிலேயே சேர்க்காதது என்று மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன.

இதைச் சில அதிகாரிகளின் கெட்ட மனசு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பிரச்சினை அந்த வரைபடத்திலேயே இருக்கிறது. வரைந்தவர் கண்ணில் ‘கிராமம்’ என்பது ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஒரு கோடு இருப்பது அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் வரையவில்லை. சாதி ஒரு பெட்டியாக வரையப்படாததால் அது அம்புக்குறியாகவே வேலை செய்துவிட்டது.

இன்னொரு விஷயம். அலை வந்தபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். என் சித்தப்பா வேறொரு ஊரின் நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. மறுநாளே லாரியில் ஏற்றி நாகைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பல ஊர்களிலிருந்தும் அப்படிக் கொண்டுபோனார்கள். வலையில் சிக்கி, கருவை முள்ளில் சிக்கிக் கிடந்த உடல்களை எடுத்தது அவர்கள்தான். கையுறை எல்லாருக்கும் கிடைக்கவில்லை. திரும்பி வந்தவருக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை. ‘கையக் கழுவிக் கழுவிப் பாக்குறேன்டா, போவ மாட்டேங்குது’ என்று மட்டும் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை. பிற்பாடு நான் படித்த நிர்வாக வரைபடங்களில் ‘உடல்களை அப்புறப்படுத்தல்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. ஒரே வரி. அந்தப் பெட்டிக்குள் என் சித்தப்பாவின் கை இருக்கிறது. யாரை அனுப்புவது என்று யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வழக்கமாக யார் போவார்களோ அவர்களே போனார்கள்.

இந்த இடத்தில் ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1995 ஜனவரி 17 விடியற்காலை 5.46க்கு கோபே நகரில் நிலநடுக்கம். 6,434 பேர் மாண்டார்கள். குழாய் உடைந்து தீயணைக்கத் தண்ணீர் இல்லை. மாகாண ஆளுநர் ராணுவத்தைக் கூப்பிடவே காலை பத்து மணி ஆகிவிட்டது. இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது அக்கம்பக்கத்து ஜனங்கள்தான். மோசமாக எரிந்த பகுதிகளில் ஒன்று நாகதா வட்டாரம். செருப்புத் தைக்கிற சிறு பட்டறைகள், நெருக்கமான பழைய மரவீடுகள். அங்கே வாழ்ந்தவர்களில் கொரியர்கள் உண்டு, புராக்கு மக்களும் உண்டு. புராக்கு மக்கள் யார் என்று நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். தோல் உரித்தது, பிணம் தொட்டது என்று சொல்லித் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள். ஜப்பானின் நம்மாளுக.

அந்த அழிவைப் பார்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களின் கடைசியில் கணினியில் ஒரு மாதிரி செய்தார்கள். ரோபோகப் ரெஸ்க்யூ என்று பெயர். அதில் ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்ட வரைபடமே நாகதாதான். திரையில் தீயணைப்புப் படை, ஆம்புலன்ஸ், போலீஸ் எல்லாம் புள்ளிகளாக ஓடும். போலீஸ் புள்ளி அடைபட்ட ரோட்டைத் திறக்கும், ஆம்புலன்ஸ் புள்ளி புதைந்தவரைத் தோண்டும். ஒருத்தர் இன்னொருத்தருக்கு அனுப்பும் செய்திக்கு அளவு உண்டு. எல்லாரும் எல்லாரிடமும் பேசிவிட முடியாது. கடைசியில் எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள், எவ்வளவு எரியாமல் மிஞ்சியது என்பதற்கு மதிப்பெண்.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு விதமாகவும் தோன்றியது. அந்தத் திரையில் ஒரு புராக்குப் புள்ளியும் ஒரு பணக்காரப் புள்ளியும் ஒன்றே. எந்த உயிர் போனாலும் ஒரே மதிப்பெண்தான் குறையும். நம்மூர்ப் பதிவேட்டில் இல்லாத சமத்துவம் அந்த யந்திரத்தில் இருக்கிறது என்று சந்தோஷம். அடுத்த நிமிஷம் வேறு கேள்வி. அந்த வட்டாரத்தில் ஏன் வீடுகள் அவ்வளவு நெருக்கம், ஏன் அவ்வளவு பழசு, ஏன் அவர்கள் அங்கே இருந்தார்கள்? யந்திரத்தில் அதற்குப் பெட்டி இல்லை. நிலநடுக்கம் 5.46க்கு ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் அது ஓடும். நம்முடைய பேரிடர் அதற்கு முன்னாடியே ஆரம்பித்துவிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. முன்னெச்சரிக்கை நன்றாகவே இருந்தது. கரையோர ஜனங்களை முன்கூட்டியே முகாமுக்குக் கொண்டுபோனார்கள். எதிர்க்கட்சியே பாராட்டியது. 2004க்கும் 2018க்கும் நடுவில் அரசு கற்றுக்கொண்டிருக்கிறது என்பது உண்மை. ஆனால் கற்றுக்கொண்டது காற்று அடிக்கிறவரைக்கும்தான். அடித்து ஓய்ந்த பிறகு?

நான் அப்போது டெல்டாவில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. வாசலில் ஜனம். ஒரு ஆயா தினமும் வரும். ‘சாரு, காசு ஏறிடுச்சா பாருங்க.’ கணக்கைத் திறந்து பார்ப்பேன். ‘இன்னும் வரல ஆயா. வி.ஏ.ஓ.கிட்ட கேளுங்க.’ அங்கே போனால் ‘லிஸ்டு தாலுகாவுக்குப் போயிடுச்சு’ என்பார்கள். தாலுகாவில் ‘பேங்க்ல கேளு’ என்பார்கள். மறுபடி என் கவுண்டர். ஆயாவின் குடிசையில் இருந்தது இரண்டு குடும்பம். ரேஷன் கார்டு ஒன்று, அதுவும் மகன் பேரில், மகன் திருப்பூரில். கணக்கெடுக்க வந்தவர்கள் ஊர்த்தெருக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆதாருக்கும் கார்டுக்கும் ஜெராக்ஸ் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் பல நாளாகக் கரண்ட்டே இல்லை. ஜெராக்ஸுக்கு எங்கே போவது? இதுதான் துறைகளின் ஒருங்கிணைப்பு: மின்வாரியத்தின் பெட்டிக்கும் வருவாய்த்துறையின் பெட்டிக்கும் நடுவில் அம்புக்குறி இல்லை.

ஒரு நாள் ஆயா கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. ‘நீ யாரு வூட்டுப் புள்ள?’ என்றது. சொன்னேன். ‘அட, நம்ம புள்ளயா! அப்பறம் ஏன்யா என்னய அங்கயும் இங்கயும் தொரத்துற?’

தோழர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. நானும் ஒரு பெட்டிதான். என் பெட்டிக்குள் வந்த கேள்வியை அடுத்த பெட்டிக்குத் தள்ளிவிட்டுச் சம்பளம் வாங்கினேன். வங்கி, வி.ஏ.ஓ., தாலுகா என்று மூன்று அலுவலகமும் ஒன்றோடொன்று பேசவில்லை. அந்த மூன்றையும் ஒருங்கிணைத்தது ஆயாவின் கால். தினமும் ஏழெட்டு மைல். நாகையில் துறைகளால் முடியாததைச் செய்தது சித்தப்பாவின் கை. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அரசு இயந்திரத்தில் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ, அங்கெல்லாம் நம் உடம்பைப் போட்டுத்தான் நிரப்புகிறார்கள். அந்தச் செலவு எந்த மாதிரியிலும் கணக்கில் வருவதில்லை.

கஜாவில் விழுந்த தென்னை மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 என்று அறிவித்தார்கள். தோப்புக்காரர்களுக்கு அது போதாது என்பது நியாயமான குறை. ஆனால் அந்த மரத்தில் ஏறித் தேங்காய் பறித்தவனுக்கு? மட்டை முடைந்த பெண்ணுக்கு? தென்னை திரும்பக் காய்க்கிறவரைக்கும் அவர்கள் எதைத் தின்பது? மரத்துக்குக் கணக்கு உண்டு. மரத்தடி ஆளுக்குக் கணக்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம், பிரிவு 61. இழப்பீடும் நிவாரணமும் தரும்போது பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் என்று எதைச் சொல்லியும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. நல்லது, இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆனால் அது நிவாரணத்தையும் இழப்பீட்டையும் மட்டும் சொல்கிறது. எச்சரிக்கை யாருக்கு முதலில் போக வேண்டும், பிணத்தை யார் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதே சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் தலைவரைத் தவிர அதிகபட்சம் ஏழு பேர். கலெக்டர் தலைவர், உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர் இணைத்தலைவர், போலீஸ் கண்காணிப்பாளர், தலைமை மருத்துவ அதிகாரி என்று மற்றவர்கள் அதிகாரிகள். அந்த ஏழு நாற்காலியில் ஆயாவுக்கு ஒன்று கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கேட்போம்.

கேட்பதோடு நிற்கவும் வேண்டாம். அவர்கள் வரைபடத்தில் அம்புகள் எல்லாம் கீழ்நோக்கி வருகின்றன. நம் தெருவிலிருந்து மேல்நோக்கி ஒரு அம்பை நாமே போட வேண்டும். பெரிய வேலை இல்லை, ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எத்தனை குடிசை, ஒவ்வொன்றிலும் எத்தனை அடுப்பு. கார்டைப் பார்க்காதீர்கள், அடுப்பை எண்ணுங்கள். யார் கர்ப்பிணி, யாருக்கு நடக்க முடியாது, எந்த வாய்க்கால் முதலில் உடையும், தெருவுக்கு வர எந்தப் பாதை, அது மழையில் தாங்குமா. யார் நிலமில்லாத கூலி, என்ன வேலை. இதை எழுதி, மழைக்காலத்துக்கு முன்னால் கலெக்டர் ஆபீஸில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டு வாங்குங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. அந்த எண்ணுக்கு முதல் செய்தி நம் தெருவிலிருந்து போகட்டும். முத்திரை போட்ட நகல் கையில் இருந்தால், ‘லிஸ்டுல பேர் இல்லை’ என்று நாளைக்கு எவனும் சுலபமாகச் சொல்ல முடியாது. வங்கியில் பதினான்கு வருஷம் இருந்து நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்: பதிவேட்டில் இருப்பது இருக்கிறது, இல்லாதது இல்லை.

அந்த ஆயாவுக்குப் பணம் வந்ததா என்று கேட்பீர்கள். எனக்கு மாற்றல் வரும்வரை வரவில்லை. அந்தத் தெருவின் நோட்டை நான்தான் முதலில் எழுத வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் கூட வந்தால் நல்லது. கூட்டம் முடிந்ததும் பேர் கொடுங்கள்.